சுண்ணாம்புத் தெளிநீர்

வெற்றிலை வாங்குகிறவனுக்குச் சுண்ணாம்பைச் சும்மா கொடுத்துவிட வேண்டும். தென்காசிக் கடைத்தெருவில் அதுதான் மாமூல். பாக்குக்கு மல்லுக்கு நிற்பான். புகையிலைக்கு, மொட்டைக் கோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறக்கிற மாதிரி சத்தம் போடுவான். சுண்ணாம்பை மட்டும் கேட்காமலே விரலால் வழித்துக்கொண்டு போய்விடுவான். அதற்கும் ஒரு விலை உண்டு என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

நீங்கள் சாவியைப் பற்றிக் கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. மடியில் இருந்த சாவியை எடுக்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று. நியாயமான கேள்விதான். ஆனால் சுண்ணாம்பில் தொடங்கினால்தான் நான் சாவிக்கு வந்து சேர முடியும். டீ ஆறட்டும். எனக்குச் சூடு ஆகாது.

எங்கள் கடைச் சுண்ணாம்பு தூத்துக்குடியிலிருந்து லாரியில் வருகிறது. கடலுக்குள் இருக்கும் பவளப்பாறையை உடைத்துச் சூளையில் போட்டுச் சுடுவார்கள். நீங்கள் வெற்றிலையில் தடவுவதும், கல்யாணத்துக்கு முன்னால் சுவரில் அடிப்பதும் பவளத்தின் சாம்பல். இதை எனக்குச் சொன்னது என் தம்பி முத்துக்குமாரசாமி. அவன் தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சி வேலையில் இருந்தான். எல்லோரும் செத்த பவளத்தை விற்கிறோம், அவன் உயிருள்ள பவளத்தைக் கொண்டுவந்து குற்றாலத்து வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்தான். அங்கே சாரல் ஊர், தண்ணீர் சூடேறாது என்றான். எங்கள் சுண்ணாம்பு லாரியிலேயே கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்து இறங்கும். கடல் தண்ணீரைக் காசு கொடுத்து ஏற்றுகிற முதல் வியாபாரி அண்ணாச்சிதான் என்று டிரைவர் என்னைக் கேலி செய்வான்.

தொட்டி ஒன்றும் பெரியதில்லை. இரண்டு கல்லாப்பெட்டியைச் சேர்த்து வைத்த நீளம். கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழும். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பவளம், விரல் விரலாக ஒன்று, காற்றில் ஆடுகிற பூ மாதிரி ஒன்று, நடுவே நாலைந்து சின்ன மீன். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்த ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தம்பி மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை கிடையாது. வீடும் தொட்டியும் அவன் பெண்டாட்டி சண்முகசுந்தரிக்கு வந்தன. கெமிஸ்ட்ரி படித்தவள். நாங்கள் சுந்தரி என்போம். அவள் என்னைப் பெரியத்தான் என்பாள். தாலி இறங்கின பிறகு அவள் அழுது நான் அதிகம் பார்க்கவில்லை. தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள்.

பவளம் என்ன சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும். கால்சியம் ஒரு தட்டு, சலவைச் சோடாவில் இருக்கிற மாதிரிக் காரம் ஒரு தட்டு. இரண்டும் நம் தராசு மாதிரி பார்த்துப் பார்த்து நிற்க வேண்டும். ஒன்றை எக்கச்சக்கமாக ஏற்றினால் மற்றது வெள்ளைப் பொடியாக உதிர்ந்து அடியில் போய்ப் படிந்துவிடும். அப்புறம் இரண்டுமே இருக்காது. அதனால் சுந்தரி சுண்ணாம்பை நல்ல தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் குளுக்கோஸ் பாட்டிலில் பிடித்து, ஆஸ்பத்திரிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் இறக்குவாள். பிறகு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் திராவகத்தைச் சொட்டவிட்டு, எந்தச் சொட்டில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பாள். எட்டாவது சொட்டில் மாறினால் காரம் எட்டு, அதுதான் நல்லது. அந்தச் சொட்டுக்காக அவள் கண் இமைக்காமல் காத்திருப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்தே எனக்கும் கை வந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. தெரியாதவன் மாதிரி இருப்பதில் ஒரு லாபம் உண்டு ஐயா. என் அப்பா புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் பார்த்தவர். துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். வெளியே முகம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நான் அந்தத் துண்டுக்குக் கீழே வளர்ந்தவன்.

ஒரு சந்தை நாள். கடையில் நல்ல கூட்டம். சுந்தரி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"பெரியத்தான், இது செத்த சுண்ணாம்பு. காத்துல கெடந்து பாதி சாக்பீஸாப் போச்சு. புதுசு இருந்தா குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்கிற மாதிரி சொன்னாள். காற்றுப் பட்ட சுண்ணாம்பு செத்துப்போகும் என்பது உண்மைதான். அது பழைய சரக்குதான். ஆனால் அங்கே எலுமிச்சைத் தரகர் சுந்தரபாண்டி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, செத்துப்போச்சா? பதினாறாம் நாள் எப்பம்னு சொல்லுங்க, வந்து சாப்பிட்டுட்டுப் போறோம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதற்குப் பிறகு கடைத்தெருவில் வழி கேட்கிறவனுக்கு 'செத்த சுண்ணாம்புக் கடைக்கு எதுத்தாப்புல' என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். வேடிக்கைதானே. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. கதை வரிசையில் வருகிறது, சொல்கிறேன்.

அடுத்த சீசனுக்கு முன்னால் சுந்தரி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மனைவி முத்துவடிவு தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சுந்தரி சொன்னாள்: தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை தருகிறார்களாம். தொட்டியைப் பார்க்க அங்கிருந்து ஓர் அதிகாரி வருவாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் தொட்டியோடு போய்விடுவாளாம், குற்றாலத்து வீட்டை விற்றுவிடுவாளாம்.

"யாருகிட்ட கேட்ட?" என்றாள் முத்துவடிவு.

"கேக்கணுமா மதினி? வேலைக்குத்தானே போறேன்."

நல்லது தாயி என்று நான்தான் முதலில் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றச் சொன்னேன். தனியாக ஒரு பெண், கடலோர ஊர், தெரியாத மனிதர்கள். அவளுக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தெரிந்தது. வாயால் சொன்னால் கேட்கிற பெண் இல்லை. அவளுக்காகவேதான் யோசித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் சுந்தரி மெயின் அருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். தண்ணீர்க் கேன் இறக்குவதற்காக என்னிடம் ஒரு சாவி இருந்தது. அது வேறு சாவி, நீங்கள் கேட்கிறது இல்லை. ஒரு காலை கொஞ்சம் வினிகரைத் தொட்டியில் ஊற்றினேன். காரம் இறங்கியது.

"பெரியத்தான், நேத்து எட்டு இருந்துது, இன்னைக்கு ஆறு. ஒரே நாள்ல எப்படி எறங்கும்?"

"தாயி, எனக்கு எட்டும் தெரியும், ஆறும் தெரியும். நடுவுல என்ன நடந்துதுன்னு மீனுகிட்டதான் கேக்கணும்."

சிரித்தாள். திராவகம் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலக்கினாள். அது சரியாக இருந்தது. கண்ணாடிக் குழாயை மாற்றினாள். அதுவும் சரியாக இருந்தது. அவள் ஈடுகட்டத் தெளிநீரைக் கூட்டினாள். அன்று நான் வினிகர் ஊற்றவில்லை, நானும் கொஞ்சம் தெளிநீர் ஊற்றினேன். காரம் பத்தைத் தாண்டியது. அவள் குறைத்தபோது நான் இறக்கினேன். நிறைத்துத் தொங்கவிட்டுப் போன பாட்டிலை ஒருநாள் காலி செய்துவைத்தேன். காலியாக வைத்துப்போனதை ஒருநாள் நிறைத்தேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அவளைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட முறைதான் அது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும் ஐயா. தொட்டியைத் தவிர வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை. அவள் பொருளை ஒளிக்கவில்லை, அவளைப் பற்றி ஊரில் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தேவையும் இல்லை. ஒரு மனுஷி தன் புத்தியை எல்லாம் ஓரிடத்தில் வைத்திருந்தால் அந்த ஓரிடம் போதும்.

அவளாகவே முத்துவடிவிடம் வந்து சொன்னாள். "மதினி, நான் ஊத்துனேனா இல்லையான்னே எனக்கு இப்பம் தெரியல. கை ஊத்துது, மனசுல நிக்க மாட்டேங்குது."

"ஏட்டி, ஒறங்குதியா இல்லையா நீ? ஊத்திட்டு ஊத்தலைங்குத, ஊத்தாம ஊத்துனேங்குத. கண்ணப் பாரு, குழி விழுந்து கெடக்கு."

நல்ல பெண்பிள்ளை முத்துவடிவு. அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

அதிகாரி வந்த அன்று நாங்களும் போயிருந்தோம். முன்னறையில் அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேன் பார்க்கிற சாக்கில் உள்ளே போய், கரைத்து வைத்திருந்த சலவைச் சோடாவைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அவர்கள் உள்ளே வந்தபோது தொட்டி பால் மாதிரி இருந்தது. பவளமும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. அந்தக் காட்சி எனக்கே மனசைப் பிசைந்தது. பூப்பவளத்தில் பாதி அதில் வெளுத்துப்போய்விட்டது.

சுந்தரி தண்ணீரில் கையை விட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெளிநீர் இப்படித் திரியாது. இதுல சோடா போட்டிருக்கு. பெரியத்தான், நீங்கதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சோடாவா? வெயிலுக்குத் தாகமா இருக்கா தாயி? கோலிசோடா வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

அதிகாரி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது அவள் என் சட்டையைப் பிடித்தாள். தம்பி பெண்டாட்டி மூத்தவனைத் தொடுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. எதிரே நின்று பேசுவதே அபூர்வம். அது ஒன்று போதும். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. மற்றதை முத்துவடிவே அழுதுகொண்டு சொன்னாள், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று.

குற்றாலத்தில் இதற்கு என்ன வழி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கெங்கிருந்தோ மூளை கலங்கினவர்களைக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துகிறார்கள். தலையில் தண்ணீர் விழுந்தால் தெளியும் என்கிறார்கள். ஐந்தருவிப் பாதையில் தாணுமாலயன் வைத்தியர் அப்படிப் பத்துப் பேரை வைத்திருக்கிறார். அங்கே விட்டோம். தலையை மழித்து எண்ணெய் தேய்த்தார்கள். காலில் சங்கிலி. காலையில் மெயின் அருவிக்கு நடத்திப்போய், குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கம்பியில் சங்கிலியைப் பூட்டி நிறுத்துவார்கள். ஓடிவிடக் கூடாது அல்லவா. முதலில் 'நான் ஊத்தல, நான் ஊத்தல' என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிறகு அதையும் சொல்வதில்லையாம். குணம் தெரிகிறது என்றார் வைத்தியர்.

தொட்டியை அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. விற்கிற சரக்கோ விற்காத சரக்கோ, கண்ணெதிரே கெட்டுப்போக விட்டு எனக்குப் பழக்கமில்லை. வெள்ளையை வடித்து, புதுக் கடல் தண்ணீர் விட்டு, சூளையிலிருந்து அன்றன்று வந்த சுண்ணாம்பைக் கலக்கி, பாட்டிலைத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் போய்விடுவேன். வெளுத்த பூப்பவளம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. நான் அளந்தால் எட்டு. மறுபடி அளந்தால் எட்டு. அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

ஷரீபுன்னிசா டீச்சர் அதைத்தான் பிடித்தார். சுந்தரியோடு காலேஜில் படித்தவர். தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறார். சிநேகிதியைப் பார்க்க வைத்தியர் விடவில்லை என்று, தொட்டியையாவது பார்க்கிறேன் என்று வந்தார். பையில் கண்ணாடிக் குழாயோடு வருகிற மனுஷி என்று எனக்கு எப்படித் தெரியும்?

"யாரு அண்ணாச்சி இத இப்பம் பாத்துக்கிடுதா?"

"யாரு பாக்கா? வாரத்துக்கு ஒருக்க தண்ணி மாத்துதோம். மத்தபடி அதுபாட்டுக்குக் கெடக்கு. சுண்ணாம்பு நமக்கு வெத்தலைக்குத்தான் தெரியும்."

தொட்டித் தண்ணீரை அளந்து பார்த்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து வந்து மறுபடியும் அளந்தார். பிறகு எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உசிரோட இருக்க பவளம் தினம் சுண்ணாம்பு திங்கும் அண்ணாச்சி. யாரும் ஊத்தலன்னா அளவு எறங்கியே ஆகணும். எறங்கல. ஒரு புள்ளி எறங்கல. சுந்தரி இருக்கும்போதுகூட இவ்வளவு சீரா நின்னது கிடையாது."

"கடவுள் பாத்துக்கிடுதாரு போல."

"கடவுளுக்கு இந்த வீட்டுச் சாவி கெடையாது. நாளைக்குக் காலைல நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு, போலீஸோட வந்து அவளக் கூட்டிட்டுப் போறேன். தடுக்காதிய."

நான் எதற்குத் தடுக்கிறேன். வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

மறுநாள் டீச்சருக்கு முன்னால் நான் வைத்தியர் வீட்டுக்குப் போனேன். மலையில் நல்ல மழை பிடித்திருந்தது. வைத்தியர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. வெள்ளம் செவந்து வருது. போலீஸ்காரன் எப்பம் வேணும்னாலும் விசில் ஊதிருவான்."

"இன்னைக்கு வீட்டுக்குப் போறா வைத்தியரே. கடைசியா ஒரு தலை முழுகிட்டுப் போகட்டும். சங்கிலிச் சாவிய எங்கிட்ட குடுங்க, நானே அவுத்துக் கூட்டிட்டுப் போயிருதேன்."

குடும்பத்துப் பெரியவன் கேட்டால் யார் மறுப்பார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது.

அருவிக்கு நடக்கையில் சுந்தரி என் பக்கத்தில் வந்தாள். மழித்த தலையில் முடி முள் முள்ளாக வளர்ந்திருந்தது. பேசவே மாட்டாள் என்றார்கள், பேசினாள்.

"தொட்டி எப்படி இருக்கு பெரியத்தான்?"

"நல்லா இருக்கு தாயி."

"காரம்?"

"எட்டு" என்றேன்.

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றுதான் சொன்னேனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் நின்றுவிட்டாள். சங்கிலி ஒருமுறை சத்தம் போட்டு அடங்கியது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தம்பி இருந்தபோது சிரிப்பாளே, அதுபோல.

"அப்பம் எனக்குப் பைத்தியம் இல்ல."

அந்த ஆறுதலை அன்று அவளுக்குக் கொடுத்தது நான்தான். வேறு யாரும் கொடுக்கவில்லை.

கம்பியில் வைத்தியரே பூட்டினார். சாவி என் மடியில். தண்ணீர் முதலில் வழக்கம்போலத்தான் விழுந்தது. பிறகு மேலே ஒரு சத்தம். கட்டை முறிகிற மாதிரி. விசில் கேட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். வைத்தியர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினவர், திரும்பி, "அண்ணாச்சி, சாவி, சாவி" என்றார்.

மடியில் கை விட்டேன். சாவி உடனே விரலில் பட்டது. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன், துண்டுக்குக் கீழே விலை படிகிறவரை விரலை விடாமல் பிடித்திருப்பதுபோல. இன்னொரு கையால் சட்டைப் பையில் தேடினேன். இடுப்பின் மறுபக்கம் தேடினேன். துண்டை உதறிப் பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தேன். சுந்தரி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடிக்குள் இருந்த என் கையையே பார்த்தாள். நிறம் மாறுகிற சொட்டுக்காகக் கண் இமைக்காமல் காத்திருப்பாளே, அந்தப் பார்வை. பிறகு சிவப்புத் தண்ணீர் இறங்கியது. அது வடிந்து கம்பி மறுபடி தெரிகிறவரை நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே சாவி கிடைக்காமல் இல்லை ஐயா. நான் கொடுக்கவில்லை. தொட்டியிலும் நான்தான் ஊற்றினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஓர் உபகாரம் மட்டும் செய்ய வேண்டும். நேற்றும் இன்றும் குற்றாலத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. பாட்டில் காலியாகியிருக்கும், அளவு இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு கான்ஸ்டபிளை அனுப்புங்கள், எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன். சுண்ணாம்பு புதியதாக இருக்க வேண்டும், தெளிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். என்னால் எதையும் தாங்கிக்கொள்ள முடியும். கண்ணெதிரே ஓர் உயிர் போவதை மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.